தொண்டைமானாற்றில் இரண்டாம் தடவை: ஒரு பழைய லென்ஸும் ஒரு புதிய லென்ஸும்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20
பயணக் குறிப்பு 23: கொழும்புத்துறை – தொண்டைமானாறு

அன்புள்ள வாசகர்களுக்கு,

கடந்த பெப்ரவரி 15, சனிக்கிழமை நான் தொண்டைமானாற்றுக்குச் சென்றது என் தவறொன்றைச் சரிசெய்வதற்காக. 2024 டிசெம்பர் 21 அன்று அங்கே, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நடராசாவையும் அவர் மனைவி செல்வராணியையும் சந்தித்தேன். இடப்பெயர்வில் கலியாணப் படங்கள் தொலைந்தபின், இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றார் செல்வராணி. ஆறு படங்கள் எடுத்தேன். சுவரில் மாட்டும் அளவில் அனுப்புவதாக வாக்கும் கொடுத்தேன். பிலிமைக் கழுவியபோது ஆறும் வெறும் புகை.

என் கமரா ரேஞ்ச்பைண்டர் வகையைச் சேர்ந்தது. அதில் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள சிறு சாளரத்தின் ஊடாகவே பார்க்கிறோம். அங்கே இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகப் பொருந்தினால் தூரம் சரி. 1971 ஓகஸ்ட் 7, சனிக்கிழமை நான் வாங்கிய பழைய 50 மி.மீ. லென்ஸின் குழல், பயன்படுத்தாதபோது கமராவுக்குள் அமிழ்ந்திருக்கும். படம் எடுக்குமுன் அதை வெளியே இழுத்து, திருகிப் பூட்ட வேண்டும். நான் இழுக்கவில்லை. சாளரமோ எல்லாம் தெளிவாகவே காட்டியது. ஆயுள் முழுவதும் நில அளவையாளனாக இருந்த ஒருவனுக்கு இதை எழுதுவது எளிதன்று.

ஜனவரியில் செல்வராணியிடம் தொலைபேசியில் என் தவறை ஒப்புக்கொண்டேன். நடராசாவுக்கு மார்ச் 3 அன்று இருதய சத்திரசிகிச்சை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதற்குமுன் படம் சுவரில் இருக்கவேண்டும் என்றார் செல்வராணி.

கொழும்புத்துறையில் மைத்துனர் வீட்டிலிருந்து காலை 6.25க்கு ஓட்டோவில் புறப்பட்டேன். அச்சுவேலி வழியாக 27 கிலோமீற்றர். பிளேன்ரீ குடிக்க நிறுத்திய பத்து நிமிடம் உட்பட 65 நிமிடங்கள். காத்திருப்புடன் போய்வர ரூ. 5,500. இந்தக் காலத்தில் போனிலே எடுத்து அனுப்பாமல் எதற்கு இவ்வளவு பாடு என்று சாரதி வழி நெடுகக் கேட்டார். இம்முறை புதிய 50 மி.மீ. லென்ஸையும் கொண்டுபோயிருந்தேன். என்மீது எனக்கே நம்பிக்கை குறைந்திருந்தது.

செல்வராணி நீலச் சேலையில் ஆயத்தமாக நின்றார். நடராசாவோ சேட்டு அணியாமல் சாரத்துடன் வள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து, எழும்பவே மறுத்தார்.

“ஒப்பரேசனுக்கு முதல் படம் எடுக்கிறது, பிறகு பேப்பரிலை போடுறதுக்கோ, அண்ணை?”

மரண அறிவித்தல்களை நாள்தோறும் முதலில் வாசிப்பவன் நான்.

செல்வராணிதான் பதில் சொன்னார். “பேப்பருக்கெண்டால் உங்களைத் தனிய எல்லோ எடுப்பம். இது ரண்டு பேரும். ஆர் உதைப் போடுவினம்? சேட்டைப் போடுங்கோ.”

நடராசா அவர் நீட்டிய சேட்டை வாங்கி அணிந்தார்.

முதல் மூன்று படங்களைப் புதிய லென்ஸில் எடுத்தேன். பின்னால் கடனீரேரி வெயிலில் தகதகத்தபோதும் அது தடுமாறவில்லை என்பது பிலிமைக் கழுவியபின் தெரிந்தது. வலையின் முடிச்சுகள், சேலைக் கரையின் இழை, நடராசாவின் விரல்களில் கயிறு அறுத்த தழும்புகள் என்று ஓரம்வரை ஒன்றையும் விடவில்லை. ஆயினும் முகங்களின் நிழல் கறுப்பாகவே நின்றது. அந்த மூன்றையும் எடுத்த கையோடு பழைய லென்ஸை மாட்டினேன்.

“அண்ணை, குழலை இழுத்தனீங்களோ?”

“ஓம்.”

ஒவ்வொரு படத்துக்கும் முன் செல்வராணி இதைக் கேட்டார். மூன்றாம் முறை நடராசாவும் சேர்ந்து கேட்டார். நான் மூன்று முறையும் தொட்டுப் பார்த்துவிட்டே பதில் சொன்னேன்.

பழைய கண்ணாடியில் ஒளித்தெறிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லை. எதிர்வெளிச்சம் உள்ளே சிதறி, மெல்லிய பால்போலப் படமெங்கும் பரவும், ஓரங்கள் குழையும். குறை என்றுதான் நூல்கள் சொல்லும். ஆனால் அன்று அந்தச் சிதறல்தான் நிழலுக்குள் புகுந்து இரு முகங்களையும் வெளியே கொண்டுவந்தது. எந்த லென்ஸ் சிறந்தது என்று எழுதிக் கேட்கும் அன்பர்களுக்கு என் பதில்: வேலையின் தடயங்கள் வேண்டுமானால் புதியது, வெயிலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்போரின் முகம் வேண்டுமானால் பழையது. காலை 7.40 முதல் 8.30 வரை அங்கே நல்ல ஒளி. பிலிமைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். குழலை இழுங்கள்.

படங்கள் பெப்ரவரி 27, வியாழக்கிழமை அவர்கள் கைக்குக் கிடைத்தன. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நேற்று நடராசாவே தொலைபேசியில் கதைத்தார். என் தவறுக்குப் பின்னும் மறுபடி வந்து அமர்ந்தார்களே, அந்த நன்றியை எங்கே தெரிவிப்பது என்று அறியாமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவர்களின் அனுமதியுடன் இத்துடன் இணைத்திருப்பவை:
1. புதிய லென்ஸில் எடுத்த படம், 7.52.
2. பழைய லென்ஸில் எடுத்த படம், 8.06.
3. வழிப்படம், நானே வரைந்தது.

இணைக்காதது: 8.09க்கு எடுத்த கடைசிப் படம். அதில் நடராசா கமராவைப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அதை அவர் சேட்டுப் பையில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாராம். நெகற்றிவையும் வெட்டி அவர்களுக்கே அனுப்பிவிட்டேன்.