அம்மாவின் பண்ணையை நான் விற்ற நாள்

போன மாதம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அலுவலகம் போகாமல் வீட்டில் படுத்திருந்தேன். மாதக் கடைசியில் சம்பளம் குறையாமல் வந்ததைக் கேட்டு, யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள், திருப்பிக் கேட்பார்கள் என்று அம்மா பயந்தாள். விடுப்புக்கும் சம்பளம் உண்டு என்று விளக்கிச் சொன்னேன். "போவாத நாளுக்குமா?" என்றாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் ஒரே ஒரு கோடை விடுமுறையில்தான் பார்த்திருக்கிறேன். அப்போது அம்மா கோழிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தாள்.

பண்ணை போனுக்குள் இருந்தது.

எங்கள் காலனி சதுரங்கப்பட்டினத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்து, அந்த வருடம்தான் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோர விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை ஆறரைக்கு வேன் வரும். போன நாளைக்குக் கூலி. போகாத நாளைக்கு இல்லை. அப்பாவுக்கும் அப்படியே. எங்கள் காலனியில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் ஒரு விஷயமாகவே பேசியதில்லை.

அப்பா எங்கிருந்தோ மூலையில் விரிசல் விட்ட பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஏற்கெனவே அந்த விளையாட்டு இருந்தது. திறந்தால் ஒரு முற்றம், ஒரு கோழி. கோழியைத் தொட்டால் ஒரு முட்டை. நூறு முட்டைக்கு இன்னொரு கோழி. அதற்கு மேல் தொப்பி போட்ட ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அவன் வந்துவிட்டால் நாம் தொட வேண்டியதில்லை. அவனே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். போனை அணைத்து வைத்தாலும் அவன் வேலை நிற்காது.

முதல் ஆள் வந்த அன்று அம்மா திரையிலிருந்து விரலை மெதுவாக எடுத்துவிட்டுப் பார்த்தாள். முட்டை தானாக விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உலை பொங்கி வழியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாமே, இவ்ளோ கோழி வளக்குறியே, ஒரு ஆம்லெட்டுக்கு வழி கீதா?" என்றார் அப்பா.

"துன்றதுக்கு வளக்கல."

"பின்ன எதுக்கு? சும்மா குந்திகினு இருந்தா எவன்மே குடுப்பான்?"

"இது குடுக்குதே" என்றாள் அம்மா.

அந்த விளையாட்டைச் செய்தவர் யாரோ, மனித மனத்தை நன்றாக அறிந்தவர். முட்டை சேரச் சேரக் கோழிகளுக்குக் கொட்டகை வாங்கலாம். அடுத்த கொட்டகை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எட்டிப் பிடித்தால், அதற்கடுத்தது பத்து மடங்கு விலையில் சிரித்துக்கொண்டு நிற்கும். எரிச்சல்களும் உண்டு. அரை நிமிட விளம்பரம் வரும். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, நாம் இல்லாதபோது இரண்டு மணி நேரம்தான் ஓடும். அதற்குள் கொட்டகை நிறைந்துவிடும். யாராவது திறந்து காலி செய்தால்தான் தொப்பிக்காரன் மறுபடியும் வேலையைத் தொடங்குவான். அம்மாவின் விடுதியிலோ, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே அம்மா போனை வீட்டில் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொட்டகையைக் காலி செய்வது என் வேலை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எண்கள் பெரிதாகப் பெரிதாக, பக்கத்தில் ஒரு எழுத்து முளைக்கும்.

"இந்தக் கே-ன்னா இன்னாடி?"

"ஆயிரம்."

"எம்?"

"பத்து லட்சம்."

"பி?"

எனக்குத் தெரியாது. "அதுக்கும் மேல" என்றேன். டி வந்தபோது, "அதுக்கும் மேல" என்றேன். அம்மா தலையாட்டிக்கொண்டாள். தெரியாது என்று சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

மாலையில் வேன் வந்து இறங்கியதும், முகம் கழுவி, போனைக் கையில் வாங்கி அம்மா திறப்பாள். ஒரு பெட்டி வரும். "படி" என்பாள். "வெல்கம் பேக். வைல் யூ வேர் அவே..." என்று படித்து, "நீ இல்லாதப்போ உன் கோழிங்க இவ்ளோ முட்ட போட்டிருக்கு" என்று சொல்வேன். தினமும் அதே வரிதான். எண் மட்டும் மாறும். "நேத்து படிச்சதுதாம்மா" என்று நான் சலித்துக்கொண்டாலும் விடமாட்டாள். படித்து முடிக்கும்வரை தலைமுடியைக்கூட அவிழ்க்காமல் நிற்பாள்.

மே மாதக் கடைசியில் அம்மாவிடம் இருபத்து மூன்று கொட்டகைகள் இருந்தன. இருபத்தைந்து ஆனால் கடலோரப் பண்ணை திறக்கும். அதன் படம் பூட்டுப் போட்டபடி தெரியும்: நீலக் கடல், வெள்ளை மணல், வரிசையாகக் கோழிகள். தினமும் நிஜக் கடலைப் பார்த்தபடி மற்றவர்களின் படுக்கையை விரித்துவிட்டு வருகிற அம்மாவுக்கு அந்தக் கடல்தான் வேண்டியிருந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள தொறந்துரும்" என்று வேனில் வருகிறவர்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சித்தியும் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி வந்து உட்கார்ந்திருந்தாள். நான் கொட்டகையைக் காலி செய்யத் திறந்தபோது, அதுவரை பார்த்திராத ஒரு பொன்னிறப் பெட்டி வந்தது. எட்டு வரி, பொடி எழுத்து.

"இன்னா எழுதிக்கீது?" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்த சொற்கள் நான்கு: தங்கம், இறகு, புது, பண்ணை. "புதுப் பண்ணை தராங்களாம்பா. தங்க எறகும் சேத்து."

"அப்போ பழசு இன்னா ஆவும்?" என்றாள் சித்தி.

நல்ல கேள்வி. அதற்கான பதில் அந்த எட்டு வரிகளில்தான் இருந்தது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அதுவும் இருக்கும்" என்று சொல்லி, 'யெஸ்' என்பதை அழுத்தினேன்.

திரை முழுக்க இறகுகள் பறந்தன. சித்தி கைதட்டினாள். இறகுகள் அடங்கியதும் ஒரு முற்றம் தெரிந்தது. ஒரு கோழி. இருபத்து மூன்று கொட்டகையும் இல்லை, தொப்பிக்காரர்கள் இல்லை, பூட்டுப் போட்ட கடல்கூட இல்லை.

அப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். "பண்ணைய வித்துட்டியா நீ?"

எங்கள் பரம்பரையில் நிலபுலன் விற்ற முதல் ஆளும் நானே. அதற்கு முன் யாருக்கும் விற்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

மாலை வேன் வந்தது. அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார். "ஒம் பொண்ணு பண்ணைய வித்து மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாமே." அம்மா சிரிக்கவில்லை. செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். போனை வாங்கி அந்த ஒற்றைக் கோழியைப் பார்த்தாள்.

"அதுல இன்னா எழுதியிருந்துச்சி?"

"முழுசா படிக்கலம்மா."

"படிக்கலயா, படிக்கத் தெர்லயா?"

"தெர்ல."

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது. நான் கண்டத அமுக்குறனா?"

அவ்வளவுதான். போனை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று என்னை எதையும் படிக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை வேனுக்குக் கிளம்பும்போது கொட்டகையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் போனதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் வளர்ந்ததை ஒரே பகலில் வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தொட்டேன், தொட்டேன், கட்டைவிரல் மரத்துப்போய் ஆள்காட்டி விரலுக்கு மாறினேன். மதியத்துக்குள் ஒரு விநோதம் புரிந்தது. முட்டைகள் முன்னைவிட வேகமாகச் சேர்ந்தன. ஒரு இறகுக்கு ஒரு பங்கு கூடுதல் என்று ஓரத்தில் எழுதியிருந்ததை இந்த முறை நிஜமாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி இரண்டு கொட்டகையின் விலைக்கு, விற்காமல் அந்த விளையாட்டில் கடல் வரை போகவே முடியாது என்று பிற்பாடு தெரிந்தது. எப்படியும் ஒருநாள் விற்றேயாக வேண்டியிருந்த பண்ணைதான். ஆனால் விற்கலாமா என்று அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு முதல் தொப்பிக்காரன் வந்தான். நான்கு மணிக்குள் மூன்று கொட்டகை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் விளையாடிக்கொண்டே இருந்தால், அம்மா தினமும் படிக்கச் சொல்லும் அந்த வரி வராது. யாரும் இல்லாமல் இருந்தால்தான் வரும். இத்தனை பாடுபட்ட பிறகு, ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று. போனை அணைத்து அலமாரியில் முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன். திறந்துவிடுவேனோ என்று பயந்து, வீட்டைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுச் சதுரங்கப்பட்டினத்துப் பழைய கோட்டைச் சுவர் வரை நடந்தேன். அங்கே மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. கை பரபரத்தது. வலையின் கண்களை எண்ணினேன். நூற்றுக்கு மேல் பொறுக்க முடியாமல் திரும்பி நடந்து, ரோட்டு முனையிலேயே வேனுக்காக நின்றுவிட்டேன்.

அம்மா இறங்கினாள். கூடவே நடந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தவளிடம் போனை நீட்டினேன்.

"இன்னா, இதையும் வித்துட்டியா?"

"தொறந்து பாரும்மா."

திறந்தாள். பெட்டி வந்தது. எழுத்தெல்லாம் முளைக்காத, எளிய சின்ன எண். அம்மா அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

"படி."

"வெல்கம் பேக். வைல் யூ வேர் அவே... நீ இல்லாதப்போ உன் கோழிங்க எண்ணூத்தி நாப்பது முட்ட போட்டிருக்கு."

"நான் இல்லாதப்போ."

"ஆமா."

"வேல முடிஞ்சி வேன்ல வந்துகினு இருந்தப்போ."

"ஆமாம்மா."

அப்போதுதான் அம்மா அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "இன்னொரு தபா படி" என்றாள்.

என் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, இந்த முறை இன்னும் ஸ்டைலாகப் படித்தேன்.