உர மூட்டையும் உணவு முத்திரையும்

எண்பதாம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். அரியாலையில் எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நடந்தது.

கடலில் திருக்கை மீன் முள் குத்தி என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாகப் படுக்கை. மூன்று பிள்ளைகள். அரிசி வாங்க அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்த உணவு முத்திரையில்தான் அடுப்பு எரிந்தது. அன்று சனிக்கிழமை. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை.

முத்திரைக்காரர் வெளியே தூறலில்தான் நிற்க வேண்டும். கடை மனேச்சர் வைத்த சட்டம். உள்ளே வாங்குப் பலகையில் இரண்டு வயல்காரர் இருந்தார்கள். மானிய உரம் எடுக்க வந்தவர்கள். ஒருவர் அரசாங்கக் கட்சி, மற்றவர் தமிழ்க் கட்சி. தேர்தலுக்குப் பிறகு ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போனதில்லை. அன்றும் ஆளுக்கொரு நுனியில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அரசாங்கக் கட்சிக்காரர் எங்களைக் காட்டி மனேச்சரிடம் சொன்னார்: "உவையளுக்கு உழைக்க ஏலாது. பிள்ளை பெறத்தான் ஏலும்."

"கையேந்திற சனத்துக்கு ரோசம் எங்கை இருக்கு?" என்றார் மற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நீங்கள் எடுக்கிற உரம் ஆரின்ரை காசு? அதுவும் அரசாங்கம் தாறதுதானே?" என்றேன்.

"அது மானியம். உது பிச்சை. வித்தியாசம் தெரியாதோடி?" என்றார் தமிழ்க் கட்சிக்காரர்.

"ஓம், சரியாச் சொன்னியள்," என்றார் மற்றவர்.

மனேச்சர் என் முத்திரைப் புத்தகத்தை வெளியே எறிந்தார். "வாய்க்காரிக்கு இண்டைக்கு அரிசி இல்லை. திங்கட்கிழமை வா." அவர்களுடைய உரத்தை வண்டிலில் ஏற்ற ஆள் விட்டார்.

அதைவிட நொந்தது வேறு. என்னோடு நின்ற பெண்கள் எனக்காக ஒரு சொல் சொல்லவில்லை. "உன்ரை வாயாலை எங்கடை அரிசியும் போகப்போகுதடி, போ" என்று தள்ளிவிட்டார்கள். புத்தகத்தைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டு நாளும் பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியல் பிட்டு. கடைசிப் பிள்ளை சோறு கேட்டு அழுதது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமோ என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கேட்டது சரி" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை போனேன். அதே வரிசையில் நின்றேன். அரிசி வாங்கினேன். தலை குனியவில்லை.

தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரரும் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்து கும்பிடுகிறார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தபோது அவர்களுக்குள் கட்சி இருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கோபம் ஆறவும் இல்லை, ஆறவிடவும் மாட்டேன்.