சபை அனுப்பாத இடம்

வேடசந்தூர் சபையில் மணிமேகலைக்கு வீடு சந்திக்கும் ஊழியம். துண்டுப்பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். முன்பெல்லாம் யாராவது சண்டைக்காவது வருவார்கள். இப்போது அதுவும் இல்லை. "வச்சுட்டுப் போங்கக்கா" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையிலும் பின்வரிசைகள் காலி. இளவட்டங்களில் பாதிப்பேர் மில் ஷிஃப்டில், மீதிப்பேர் கோயம்புத்தூரில்.

சென்ற மழைக்காலத்தில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் மாலதி போன் செய்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்திக்கு டெங்கு. கூட இருக்க ஆளில்லை.

"நீங்க வீடு வீடாப் போறவுங்கதானக்கா. செத்த நேரம் வந்து இருங்களேன்."

செத்த நேரம் என்று போனவர் அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தார். பெண்ணின் பெயர் சுமித்ரா. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. மணிமேகலை கஞ்சி ஊட்டினார், கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார், தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். சற்றுத் தேறியபோது சுமித்ரா அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டு என்னவோ கேட்டாள். "யேசு" என்றார். அவள் தன் மணிக்கட்டுக் கயிற்றைக் காட்டி, "ஜகந்நாத்" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேற்கொண்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தார். ஒரு முடிவுக்கு வரவில்லை. பிறகு அண்ணன்காரன் வந்து சுமித்ராவை ஊருக்குக் கூட்டிப்போனான்.

சபைக் கமிட்டியில் செயலாளர் ஆனந்த்ராஜ் கேட்டார். "ஒரு வாரமா எந்த வீட்டுக்கும் போகலையாம்ல?"

"போகலண்ணே. ஆஸ்பத்திரில இருந்தேன்."

"சுவிசேஷம் சொன்னீகளா?"

"பேரச் சொன்னேன்."

"நோயாளியப் பாக்க அரசாங்கம் இருக்கு, மில்லுக்காரன் இருக்கான். அதையே நாமளும் செஞ்சா சபைன்னு ஒண்ணு எதுக்கு?"

மணிமேகலைக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

"தெரியலண்ணே. ஆனா அம்புட்டுப் பேரு இருக்கையிலதான் அந்தப் புள்ள தனியாக் கெடந்துச்சு."

அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஆயர் ஜெபித்து முடித்துவைத்தார்.

அந்தக் கூட்டம் கூடுவதற்குள் மாலதி மறுபடியும் கூப்பிட்டார். அய்யலூர் சந்தைக்கு ஆடு கொண்டுவந்த கிழவர் விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறாராம். பஸ் இல்லாத நேரம். ஆனந்த்ராஜ்தான் மணிமேகலையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். இது சபை வேலையே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியவர் உள்ளே வரவில்லை.

"கெழவருக்கு டீ கீ வேணுமான்னு கேளுங்க. இங்கனதான் நிக்கிறேன்" என்றார்.