மீன்தொட்டிக்கு அக்கா செய்த மூடி

மூடி என்றால் அப்படி ஒரு மூடி. கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து, மீனுக்கு இரை போட நடுவில் கீல் வைத்த சின்னக் கதவுடன், பச்சை வண்ணம் பூசி, கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தது. அதைச் செய்தவள் என் அக்கா. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

யுத்த காலம். ஆவடி முகாமிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு துரை, வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது நைனா அந்தத் தொட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி மண்டிக்காரர் வீட்டில் துரை வீட்டுச் சாமான் இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தொட்டியோடு மூடி வரவில்லை. மீன்கள் துள்ளி வெளியே விழுந்து செத்தன. அக்காதான் கள்ளிப்பெட்டிப் பலகைகளைப் பிரித்து, தானே அறுத்து, தானே ஆணியடித்தாள். எங்கள் அண்ணன், அவளுக்கு இளையவன், எனக்கு மூத்தவன், ஒரு ஆணி எடுத்துக் கொடுத்ததில்லை.

"தண்ணி மேலருந்து வராதுடி, கீழருந்து ஆவியா ஏறும். உள்ளதான் கெட்டியா பூசணும்" என்பாள். இடுக்குகளில் சீமைச்சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பலகையை அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும் என்று அங்கே சூடான எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினாள். அப்புறம் உள்பக்கம் வார்னிஷ், ஒன்று காய்ந்த பின் இன்னொன்று; வெளியே பச்சை வண்ணம். "இன்னும் ஆவலியா?" என்று நைனா பறந்தார். வாடை போகாமல் மீனுக்கு மேல் வைக்க மாட்டேன் என்று வெயிலில் போட்டு, தினமும் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

இந்தப் பாடெல்லாம் மீனுக்காக இல்லை. நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளியில் கைவேலை சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமென்று, பள்ளியை நடத்திய துரைசானியம்மா தேடிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்த வேலைமேல் அப்படி ஓர் ஆசை. "அந்தம்மாவ ஊட்டுக்கு இட்டுகினு வா, மூடியக் காட்டலாம்" என்று என்னை அரித்தெடுத்தாள். நானும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

துரைசானியம்மா மூடியைக் கவிழ்த்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மிகவும் நன்றாக இருக்கிறது. இதை யார் செய்தது?"

கதவோரம் நின்ற அக்கா வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "எம் புள்ளதாம்மா!" அண்ணன் முதுகில் செல்லமாக ஒரு தட்டு வேறு. அந்தத் தடியன் பல்லைக் காட்டினான்.

"அடடா, ஒரு பெண் செய்திருந்தால் எங்கள் பள்ளிக்கே எடுத்துக்கொண்டிருப்பேனே!" என்றார் அந்த அம்மா.

அப்போதாவது நைனா உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவரோ அந்த அம்மாவைக் காப்பி சாப்பிடச் சொன்னார். வந்தவர்கள் எதிரில் பெண் குறுக்கே பேசினால் அறை விழுகிற வீடு அது. அக்கா காப்பி எடுத்துவர உள்ளே போனாள்.

அந்த அம்மா படியிறங்கியதும், "இன்னா நைனா இப்பிடிப் பண்ணிட்ட?" என்று கதறினாள்.

"பொட்டப்புள்ள ரம்பம் புடிக்குது, பெயிண்டு அடிக்குதுன்னு தெரிஞ்சா எவன் கட்டிகினு போவான்? போ உள்ள!" என்றார். வேலை வேறு யாருக்கோ போயிற்று. அண்ணனோ கடைத்தெரு முழுக்கத் தன் மூடியைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

கொஞ்ச நாளில் மேனாம்பேட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், நைனா தவமிருந்த இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மூடி ரொம்ப நேர்த்தியா கீதே! இந்த மாதிரி கைவேல தெரிஞ்ச பொண்ணு ஊட்டுக்கு வந்தா லச்சுமிதான். யார் பண்ணது?"

நைனாவின் முகம் மலர்ந்தது. "எல்லாம் எம் பொண்ணு பண்ணதுதான்!" என்றார். கொஞ்சமாவது கூச வேண்டாமா மனுஷனுக்கு!

அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "இல்ல நைனா, தம்பி பண்ணது. தொரசானியம்மாகிட்ட நீயே சொன்னியே."

நைனா அண்ணனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "சொல்றா, யார் பண்ணது?"

அண்ணன் வந்தவர்களை ஒருமுறை பார்த்தான். மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"நான்தான் பண்ணேன்" என்றான்.

மேனாம்பேட்டுக்காரர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பிறகு அக்காவை எங்கோ கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் ரம்பமும் இல்லை, வார்னிஷும் இல்லை, அடுப்படிதான். இப்போது அம்பத்தூர்க் கடைகளில் பிளாஸ்டிக் மூடியோடேயே தொட்டி விற்கிறார்கள், யாரும் எதையும் பூச வேண்டியதில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் மாறவில்லை. வாய்த்துடுக்கால் நல்ல இடத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று இன்றும் அக்காவைத்தான் சொல்கிறார்கள். என் காதுபட ஒரு தரம் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது.