வெந்த இறாலின் நீச்சல்

பிள்ளைகளே, இலவச மென்பொருளில் என் மகளின் வகுப்புக்காக ஒரு சின்னக் கார்ட்டூன் செய்தேன். அதில் சிவப்பு இறால் ஒன்று ஆற்றில் நீந்தும். நெட்டுக்குப்பத்தில் வலை போடும் என் மனைவியின் அண்ணன், தெருப் பிள்ளைகள் முன்னால் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மாப்ளே, வெந்த எறா நீந்திகினு கீது! தட்டுல தவிர எங்கியும் எறாவ பாத்ததில்லியா?"

உயிருள்ள இறால் சிவப்பாக இருக்காதுதான். அதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே!

"நைனா, இத்த கிளாஸ்ல காட்டாத," என்று மகள் அழுதாள்.

எனக்குக் கோபம். நிறத்தை மாற்றவில்லை. கொதிக்கும் சட்டியிலிருந்து இறால் தப்பிக் குதிப்பதாக முதல் காட்சி வரைந்தேன். சட்டியைக் கிளறுகிறவனுக்கு மச்சானின் மீசையையே வைத்தேன். மகள் அதைக் காட்டியதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

மீசை விஷயம் காதுக்கு எட்டியதிலிருந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரவும் வேண்டாம்.