தூரியா போட்ட காலாவதித் தேதி

பாப் பெர்ரத் என்ற ஊரின் மலைச்சரிவில், அரசு அனுமதியோடு கஞ்சாச் செடியிலிருந்து வலிப்புக்கான எண்ணெய் வடிக்கும் கூட்டுறவு ஆலை இருந்தது. அதன் சோதனைக்கூடம் தூரியாவின் பொறுப்பு. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு புட்டியும் வெளியே போகாது.

முதல் சரக்குக்கு மேலாளர் மீமூன் நிறமில்லாத கண்ணாடிப் புட்டிகளை வரவழைத்திருந்தார்.

"பழுப்புப் புட்டிதானே கேட்டேன்? வெளிச்சம் பட்டா வீரியம் போயிடும்," என்றாள் தூரியா.

"எண்ணெய் தேனாட்டம் மின்னுது, அதப் போய் மறைக்கச் சொல்றியே! பதினெட்டு மாசம்னு தேதி போடு."

"ஆறு மாசம்தான் வெச்சுப் பாத்திருக்கேன்."

"கெட்டுப்போகலைல்ல? அப்புறம் என்ன?"

ஊரே அந்தச் சரக்குக்காகக் காத்திருந்தது. நான் ஒருத்தி குறுக்கே நிற்பானேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சரக்கு வெளியே போன பத்தாம் மாதம், அடுத்த தெரு ரஹ்மா ஆலைக்கே வந்து நின்றாள். எண்ணெயால் அடங்கியிருந்த மகள் ஹனானின் வலிப்பு திரும்பியிருந்தது. ரொட்டி அடுப்பின் மேல் விழுந்து கை வெந்துவிட்டதாம்.

"இந்தப் புட்டி போன மாசம் பிரிச்சது, லல்லா தூரியா. சொட்டுச் சொட்டா எண்ணித்தான் குடுக்கறேன். ஒருவேளை நான்தான் தப்பா எண்ணிட்டேனோ?"

தூரியா புட்டியை வாங்கிச் சோதித்தாள். நூறு இருக்க வேண்டிய வீரியம் அறுபதுதான் இருந்தது.

"ஜன்னல்ல வெச்சிருப்பா. அப்படியே எழுதிடு," என்றார் மீமூன்.

ரஹ்மா ஜன்னலில் வைத்திருந்தது உண்மைதான். அப்படி எழுதித் தப்பித்துக்கொள்ள ஒரு கணம் தூரியாவுக்கும் ஆசை வந்தது. ஆனால் கிடங்குக்குப் போய், பிரிக்காத மூன்று புட்டிகளை எடுத்து வந்து சோதித்தாள். மூன்றும் எழுபதைத் தாண்டவில்லை.

"இதுங்கள யார் ஜன்னல்ல வெச்சா?"

சரக்கு முழுவதையும் திரும்பப் பெறச் சொல்லி அன்றே தூரியா கடிதம் எழுதினாள்.

மறுநாள் ரஹ்மாவின் வீட்டுக்குப் போனாள். புதினா தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"தப்பு எண்ணெய்லதான். தேதி போட்டது நான்."

"அப்போ நான் எண்ணினது சரிதானா?" என்றாள் ரஹ்மா.

"சரிதான்."

"ஒரு மாசமா என்னையே திட்டிட்டிருந்தேனே," என்று முக்காட்டுத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

புது எண்ணெயில் ஹனானுக்கு வலிப்பு மட்டுப்பட்டது. வெந்த கையில் இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. இப்போது பழுப்புப் புட்டிதான், ஆறு மாதத் தேதிதான், மீமூனும் மறுப்பதில்லை.

சந்தையில் எதிர்ப்பட்டால் ரஹ்மா சலாம் சொல்வாள். நின்று பேசுவதில்லை. தூரியாவும் கூப்பிடுவதில்லை.