மதினி படித்த முதல் சொல்

கல்யாணமாகி நான் தூத்துக்குடிக்கு வந்தபோது என் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஏழெட்டுப் புத்தகங்கள் இருந்தன. நாசரேத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டதால் அப்பா எனக்கு எதையும் இல்லையென்று சொன்னதில்லை. நான் கேட்டதும் பெரும்பாலும் புத்தகங்கள்தான்.

புகுந்த வீட்டில் என் கணவர், அவருடைய அக்கா, நான், அவ்வளவுதான். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கணவருக்குப் பலசரக்குக் கடை. அவர் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். விவரம் தெரியாத வயதில் கட்டிக்கொடுத்து, இருபது வயதுக்குள் புருஷனை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அடுப்படி முதல் வாசல்வரை எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை.

மத்தியானம் ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் நான் சுவரில் சாய்ந்து புத்தகத்தை விரித்துவிடுவேன். மதினி அந்தப் பக்கம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"ஏளா, அதுக்குள்ள பாயாசமா ஊத்தி வச்சிருக்கு? இப்படிக் குனிஞ்சு கெடக்க."

கோபமாகச் சொன்னதில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கொண்டுவந்த புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்துத் தீர்த்தபிறகு நான் கடையின் பொட்டலத் தாள்களில் கைவைத்தேன். எடைக்கு வாங்கிப் போட்ட பழைய பத்திரிகைகள். அதில் தொடர்கதை வந்த பக்கங்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்வேன். நாலாவது அத்தியாயம் கிடைக்கும். ஐந்தாவது, சீரகத்தோடு யார் வீட்டுக்கோ போயிருக்கும். நடுவில் என்ன நடந்திருக்குமென்று நானே யோசித்துக்கொண்டு ஆறாவதைப் படிப்பேன். அதிலும் ஒரு சுகம் இருந்தது.

அப்போது உலகச் சண்டை நடந்த காலம். கொழும்பில் குண்டு விழுந்ததென்று கேள்விப்பட்டதும் ஊர் கலங்கிப்போனது. கொழும்பு எங்களுக்குத் தூரத்து ஊரில்லை. தோணிகள் தினம் போய்வருகிற இடம். அடுத்தது நம்ம ஊர்தான் என்று எல்லோரும் பேசினார்கள். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன.

"நான் கடையைப் பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் சாத்தான்குளத்துல மாமா வீட்டுக்குப் போங்க" என்றார் என் கணவர். மதினி எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

வண்டியில் இடம் கொஞ்சம்தான். தேவையானதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார் மதினி. நான் அரிசிப் பானைக்குள் புத்தகங்களைப் புதைத்து வைத்தேன். பானையைத் தூக்கிய மதினிக்கு உடனே தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். எடுத்து வெளியே போடுவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பழந்துணியை மேலே திணித்து, வாயை இறுக்கிக் கட்டினார்.

"வண்டி குலுங்கும். கிழிஞ்சிரப் போவுது" என்றார்.

மாமா வீட்டில் எங்களைப் போலவே கடற்கரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மதினிக்குத் தம்பி நினைப்பாகவே இருந்தது. கிழக்கேயிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுவார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு இடம் இருந்தது. அவருக்கு இல்லை.

ஒருநாள் மத்தியானம் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் கதை கேட்டு நச்சரித்தார்கள். கையில் கிடைத்த புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். ஒரு கப்பல் வியாபாரியின் மகளைப் பற்றிய கதை. நடுக்கடலில் காற்று திரும்பிக் கப்பல் தத்தளிக்கிற இடம் வந்ததும் தொண்டை கட்டியது. நிறுத்திவிட்டேன். பின்னால் மதினி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். புடைக்கிற சத்தம் எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை.

"அந்தக் கப்பல் கரை சேந்துதா இல்லையா?" என்று கேட்டார்.

"நாளைக்கு வாசிக்கேன் மதினி."

"இப்பமே வாசி. நான் தண்ணி கொண்டாரேன்."

கப்பல் கரை சேர்ந்தது. அன்று மதினி இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதன்பிறகு தினமும் வாசிப்பு நடந்தது. கதையில் வருகிற ஆட்களோடு மதினி வாதாடுவார். "அந்தக் கணக்கப்பிள்ளையை நம்பாதேன்னு நேத்தே சொன்னேன். கேட்டாளா?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார், நான்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுபோல. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வீட்டில்தான்.

கதையில் வியாபாரி தன் வயதொத்த ஒருவருக்கு மகளைப் பேசி முடித்துவிடுவார். மகள் அப்பாவின் முன்னால் வந்து நிற்பாள். ஒரே வார்த்தை சொல்லுவாள்: மாட்டேன். நான் அதை வாசித்ததும் மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன்.

"அவ அப்பா என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல மதினி."

பிள்ளைகள் எழுந்து விளையாடப் போனபிறகு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவ மாட்டேன்னு சொன்னால்லா, அது எங்கன இருக்கு?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். உளுந்துத் தூசி படிந்த தன் விரலை அந்த இடத்தில் வைத்தார். எடுக்கவில்லை.

"இத்தனூண்டுதானா" என்றார். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் இப்படி ஒரு பதில் உண்டுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"எழுத்துப் படிக்கேளா மதினி? அ, ஆவுல இருந்து சொல்லித்தாரேன்" என்றேன்.

"அதெல்லாம் பிள்ளையளுக்கு. நான் இதுல இருந்து ஆரம்பிக்கேன்."

அப்படித்தான் ஆரம்பித்தார். 'மா'வைத் தெரிந்துகொண்டதும் பக்கம் பக்கமாக அதைத் தேடினார். மாலை, மாமா, மாடு எல்லாம் அகப்பட்டன. முற்றத்துச் செம்மண்ணில் ஈர்க்குச்சியால் எழுதிப் பார்ப்பார். தெரியாத எழுத்து வந்தால் முகத்தைச் சுளித்து அதையே முறைத்துக்கொண்டிருப்பார்.

மாமா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏளா, இந்த வயசுல உத்தியோகத்துக்கா போகப் போற?" என்றார்.

"கதை படிக்கப் போறேன் மாமா" என்றார் மதினி, நிமிராமலே.

குண்டு வரவில்லை. பயம் மெல்ல அடங்கி, மழை தொடங்குகிற சமயத்தில் நாங்கள் ஊர் திரும்பினோம். கடையும் கணவரும் பத்திரமாக இருந்தார்கள். மதினி இப்போது கடைப் பக்கம் அடிக்கடி போனார். சில நாளிலேயே கணவர் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் முறையிட்டார்.

"அக்கா வந்து உக்காந்தா பொட்டலம் மடிக்க முடியல. ஒவ்வொரு தாளையும் படிச்சிட்டுத்தான் தாரா. இன்னைக்கு ஒரு அண்ணாச்சி துவரம்பருப்புக்கு எவ்வளவு நேரம் நின்னாரு."

"அவரு சும்மாவா நின்னாரு? அவருக்கும் வாசிச்சுக் காட்டினேன்லா" என்றார் மதினி, மோரை ஊற்றிக்கொண்டே.

கதை என்றாலே பொய் என்று சொல்லுகிறவர் என் கணவர். கடைத் தாள்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லி, ரயிலடியிலிருந்து வாரப் பத்திரிகை ஒன்று வாங்கிவர ஆரம்பித்தார். யார் முதலில் படிப்பதென்று எனக்கும் மதினிக்கும் போட்டி நடக்கும். ஒருநாள் இரண்டு பேரும் தேடித் தேடிப் பார்த்தால், அது அவர் கையில் இருந்தது. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குத் தாயில்லாததால் தலைப்பிரசவம் தூத்துக்குடியிலேயே நடந்தது. பிள்ளை பெற்றவள் படித்தால் கண் போய்விடும் என்று யாரும் புத்தகத்தை என் கண்ணில் காட்டவில்லை. உள்ளறையில் மருந்துச் சூடும் சாம்பிராணிப் புகையுமாகப் படுத்துக்கிடந்தேன். சாயங்காலம் மதினி கதவை ஒருக்களித்துவிட்டு, அந்த வாரப் பத்திரிகையோடு என் பக்கத்தில் உட்காருவார். எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, ஆளுக்கொரு குரலில் வாசிப்பார். பிள்ளை அழுதால் மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே தொடருவார். நான் வாசித்த எந்தக் கதையும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

பத்தியம் முடிந்தபிறகு அந்தப் பத்திரிகைகளை நானே எடுத்துப் பார்த்தேன். ஊரை ஏமாற்றிய சித்தப்பா ஒருவர் அதில் நிம்மதியாக ரயிலேறிப் பட்டணம் போய்விடுகிறார். மதினி வாசித்தபோது அப்படி இல்லை. உப்பளத்துப் பெண்கள் அவரைச் சுற்றிவளைத்து, உப்புத் தண்ணீரில் தள்ளி, சட்டையெல்லாம் கிழித்து அனுப்பியிருந்தார்கள்.

"மதினி, அந்த உப்பளம் இதுல எங்கயுமே இல்லையே" என்றேன்.

மதினி பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினவருக்கு நம்ம ஊரு தெரியாது போல" என்றார்.